கொழுந்துக் கூடையும் தொலைபேசிக் குரலும்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் மிளகுக்கென்று ஒரு சந்தை இருந்தது. மூட்டையே உள்ளே வராத சந்தை. 1957-இல் தொடங்கிய முன்பேர வணிகக் கூடம் அது. சின்னச் சின்னத் தடுப்பறைகளில் தரகர்கள் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். காதில் ஒரு ஊரின் விலை விழும், வாய் இன்னொரு விலையைக் கூவும். வரப்போகும் மாதத்து மிளகு, இன்னும் கொடியிலேயே இருக்கும் மிளகு, அங்கே நாலு கை மாறிவிடும். கம்ப்யூட்டர் வந்தபின் கூச்சல் அடங்கியது. இன்று அந்தத் தெருவில் பழம்பொருள் கடைகளும் சுற்றுலாக்காரர்களும்தான். இடுக்கியில் ஏணி சாய்த்து மிளகு பறித்தவருக்கு அந்தக் கூச்சல் கேட்டிருக்காது. அவர் குரலும் அந்தக் கூடத்துக்குள் கேட்டதில்லை.

அந்தக் கட்டிடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய படத்தின் ஒலி நினைவுக்கு வரும். பேசில் ரைட் இயக்கி 1934-இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் சிலோன்’. பிரிட்டிஷ் பரிசோதனை சினிமாவின் தொடக்க கால அடையாளங்களில் ஒன்று. நாற்பது நிமிடத்துக்கும் குறைவான படம், நான்கு பகுதிகள். மூன்றாவது பகுதிக்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்று பெயர். திரையில் ரயில் மலையேறுகிறது. யானை நெற்றியால் முட்டி ஒரு மரத்தைச் சாய்க்கிறது. ஒருவர் தென்னையில் ஏறுகிறார். பெண்கள் வரிசை பிடித்துக் கொழுந்து பறிக்கிறார்கள். இத்தனைக்கும் மேலே ஒலிப்பது லண்டன்: சந்தை நிலவரம், கப்பல் தகவல், வணிகக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைக்கும் குரல், அதன் முடிவில் வரும் சம்பிரதாய வணக்கம். படத்துக்கும் ஒலிக்கும் ஒட்டு இல்லை. ஒட்டாமல் இருப்பதுதான் அந்தக் காலத்துக்குப் புதுமை. திரைப்படக்காரர் ஆல்பெர்த்தோ கவல்கந்தியும் இசையமைப்பாளர் வால்டர் லீயும் ரைட்டோடு சேர்ந்து ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பேசும் படம் வந்து ஏழெட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பெரும்பாலான படங்களில் ஒலி என்பது உதட்டசைவுக்குப் பின்னால் ஓடும் வேலைக்காரனாகவே இருந்தது.

பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரச்சார வாரியம். தயாரிப்பாளர் ஜான் கிரியர்சன். பேரரசு வணிக வாரியத்தின் படப் பிரிவாக இருந்து 1933-இல் அஞ்சல் துறைக்கு மாறிய குழுவின் தலைவர். தேயிலை விற்கக் கொடுத்த பணத்தில் வணிகத்தையே சற்றுக் கேலி செய்யும் ஒரு படம் பிறந்தது என்று இதைப் புகழ்வார்கள். புகழ்ச்சியில் உண்மை இருக்கிறது. மலைச்சரிவுக்கு மேலே ஒலிக்கும் அந்த விலைப்பட்டியலைக் கேட்கும் எவருக்கும் பேரரசு எப்படி வேலை செய்தது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும். 1935-இல் பிரஸ்ஸல்ஸ் விழாவில் முதல் பரிசு பெற்ற படம். எனக்கும் பிடித்த படம். அதனால்தான் அதனிடம் கேள்வி கேட்கத் தோன்றுகிறது.

கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்கள் யார்?

தமிழ் வாசகருக்கு இதில் புதிர் இல்லை. மலையகத் தோட்டங்களில் கூடை சுமந்தவர்கள் மிகப் பெரும்பாலும் திருச்சி, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பங்கள். ஆனால் படத்தின் இலங்கை வேறு. முதல் பகுதி புத்தருக்கு, கடைசிப் பகுதி கண்டி நடனத்துக்கு. நடுவே குயவர், நெசவாளர், மீனவர், வயல். பழமை மாறாத ஒரு சிங்கள பௌத்த நாடு, அதன்மேல் வந்து படிந்த அந்நிய வணிகம் என்பதே படத்தின் கதை. இந்தக் கதையில் தோட்டத் தமிழருக்கு இடம் வைக்க முடியாது. அவர்கள் தொன்மையும் இல்லை, துரைமாரும் இல்லை. ஆகவே முகமாகவும் கையாகவும் கூடையாகவும் திரையில் வந்துபோகிறார்கள். எந்த ஊர், என்ன மொழி என்று படம் சொல்வதில்லை.

படத்தின் பின்னணி உரை யாருடையது என்பது இன்னும் சுவாரசியம். 1660-இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துத் தப்பிய ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தது அது. அவர் தப்பி ஓடிச் சேர்ந்த மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டை டச்சுக் கம்பெனியிடம் இருந்தது. 1663 முதல் இந்தக் கொச்சியும் அதே கம்பெனியிடம்தான். அந்த ஆங்கிலக் கைதியின் வாக்கியங்களைப் படத்தில் வாசிப்பவர் லயனல் வெண்ட். கொழும்பின் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர், பியானோக் கலைஞர். அற்புதமான குரல். இலங்கையர் ஒருவரின் குரலையே பயன்படுத்தினார்கள் என்று அந்தக் காலத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது இது: தீவைப் பற்றிச் சொல்வது 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர், வாசிப்பது கொழும்பின் மேல்தட்டு, இடையிடுவது லண்டன் தரகு. கொழுந்து பறிப்பவருக்கு ஒலிப்பட்டையில் ஒரு அங்குலம்கூட ஒதுக்கவில்லை.

மலையில் அப்போது குரலே இல்லையா? நிறைய இருந்தது. விடிவதற்கு முன் லயத்து வாசலில் தப்படிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்துதான், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். கண்டி மேளத்துக்கு அத்தனை நேரம் கொடுத்த படத்தில் தப்புச் சத்தம் என் காதுக்கு எட்டவில்லை. தஞ்சையிலிருந்து போய் இலங்கையில் பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இயங்கிய கோ. நடேசய்யர் 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் முதலில் எழுந்து பாடுவார். துரைக்கும் கங்காணிக்கும் எதிரான சொற்களை, தோட்டத்துப் பெண்கள் உடனே பிடித்துக்கொள்ளும் மெட்டில் போட்டுப் பாடினார். ரைட்டின் கேமரா மலையேறியபோது அந்தப் பாட்டும் மலையில்தான் இருந்தது.

ரைட் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அவர் எடுத்துப்போனது ஒலி பதியாத கேமரா. ஒலி முழுவதும் பிறகு லண்டன் ஸ்டூடியோவில் சேர்த்தது. பாட்டைப் பதிவு செய்ய அவரிடம் கருவி இல்லை. ஆனால் மறு ஆண்டே, 1935-இல், இதே ஆவணப்பட இயக்கத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ எடுத்தார்கள். லண்டன் ஸ்டெப்னி பகுதிச் சேரிக்குள் ஒலிக்கருவியைக் கொண்டுபோய், அங்கே குடியிருந்தவர்களையே பேசவைத்தார்கள். எலி, ஈரச்சுவர், தண்ணீருக்கு அலைவது எல்லாம் அவரவர் வாயால் வந்தது. பணம் போட்டது எரிவாயு நிறுவனங்களின் சங்கம்; ஏழையின் வாக்குமூலம் அவர்களுக்கும் ஆதாயம். எப்படியோ, இங்கிலாந்துத் தொழிலாளிக்கு மைக் கிடைத்தது. காலனித் தொழிலாளிக்கு இசை கிடைத்தது. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழரைப் பெருவாரியாக நாடற்றவர்களாக்கியது. இதற்கும் ஒரு படத்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஆனால் ‘இவர்கள் இந்தத் தீவைச் சேர்ந்தவர்கள் அல்ல’ என்ற பார்வை சட்டத்தில் ஏறும் முன்பே அழகான படச்சட்டத்தில் ஏறியிருந்தது.

இதை நான் மட்டாஞ்சேரியிலிருந்து எழுதக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் வெலிங்டன் தீவில் 1947 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. மூணாறில் தமிழ்ப் பெண்கள் பறித்த தேயிலைக்கு இங்கே விலை வைத்தார்கள். 2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் போனஸுக்காகத் தெருவில் உட்கார்ந்தபோது ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று ஒரு பெயர் எழுந்தது. தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட வரவிடவில்லை, எங்களுக்காக நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றார்கள். மலையாளத் தொலைக்காட்சி மைக்குகளில் அன்று தமிழ் கேட்டது.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். 1952-இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் பரிசோதனைப் படங்களுக்கென ஒரு நிதி வைத்தது. அதிலிருந்து கிடைத்த சிறு தொகையில் ஜமைக்காவில் பிறந்த லாயிட் ரெக்கர்ட் 1963-இல் ‘டென் பாப் இன் விண்டர்’ எடுத்தார்: பன்னிரண்டு நிமிடம், கையில் காசில்லாத ஒரு கறுப்பின மாணவன், குளிர்கால லண்டன், மனத்துக்குள் ஓடும் அவனுடைய சொந்தக் குரல். 1966-இல் பிறந்த லண்டன் திரைப்படக் கூட்டுறவு படச்சுருளின் மணியையும் கீறலையும் ஒளியையும் ஆராய்ந்தது. மால்கம் லெ கிரைஸ், பீட்டர் கிடல் போன்றவர்கள் திரையிலிருந்து கதையையும் மனிதரையும் விலக்குவதையே விடுதலையாகக் கருதினார்கள். மனிதரையே விலக்கிய திரையில் வெள்ளையர் இல்லையே, அப்புறம் கறுப்பர் இல்லை என்று எப்படிக் குறை சொல்வது என்று கேட்கலாம். ஆனால் தன் முகம் எங்கும் எப்போதும் திரையில் இருக்கிறது என்ற நிம்மதி உள்ளவருக்குத்தான் முகம் அலுக்கும்.

முகம் கிடைக்காதவர்கள் 1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டனில் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு சேனல் ஃபோர் தொலைக்காட்சி தொடங்கியது. திரைப்படத் தொழிலாளரின் சங்கமும் அந்தத் தொலைக்காட்சியும் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமும் சேர்ந்து ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தன. ஒரு படத்துக்கு இவ்வளவு என்றில்லாமல், ஒரு குழுவுக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு அறை, ஒரு கேமரா, ஒரு தொகுப்பு மேசை என்று உட்கார முடிந்தது. சாங்கோஃபா, பிளாக் ஆடியோ, செட்டோ, ஆசியர்கள் நடத்திய ரீடேக் என்று குழுக்கள் நிலைத்தன. சாங்கோஃபாவை நிறுவியவர்களில் ஐசக் ஜூலியனோடு இலங்கையிலிருந்து வந்த ராபர்ட் க்ரூஸும் ஒருவர். அந்தக் காலத்து பிரிட்டனில் ‘கறுப்பு’ என்ற சொல்லுக்குள் கரீபியர், ஆப்பிரிக்கர், பஞ்சாபி, வங்காளி, தமிழர் எல்லாருமே அடங்குவார்கள்.

அந்தச் சொல்லுக்கு அப்படியொரு அகலம் வந்ததில் பெரும்பங்கு ஒரு தமிழருடையது. அ. சிவானந்தன். கொழும்பில் பட்டம் பெற்று மலையகத்தில் ஆசிரியராக இருந்தவர். பிறகு வங்கி வேலை. 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு லண்டன் போனார், போய் இறங்கியதும் அங்கே நாட்டிங் ஹில் இனக்கலவரம். லண்டன் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகராகச் சேர்ந்து 1973-இல் அதன் இயக்குநரானார். கறுப்பு என்பது அரசியலின் நிறம், தோலின் நிறமல்ல என்பது அவர் கட்சி. 1980களில் அரசும் உள்ளாட்சிகளும் இனவாரியாக நிதி பிரித்தபோது அவர் எரிச்சலடைந்தார்: போராட்டத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு அலுவலகம் திறக்கிறார்கள் என்றார். இன்றைய ‘பன்மை’ப் பேச்சில் தலையை எண்ணிப் பார்த்துத் திருப்தியடையும் பழக்கத்துக்கு இதைவிடக் காட்டமான எதிர்வாதம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கடிந்துகொண்ட காலத்தில் கிடைத்த அதே வகை நிதியில்தான் இந்தப் படங்களும் பிறந்தன. இந்த முரணை நான் அவிழ்க்கப் போவதில்லை.

பிளாக் ஆடியோ குழு போர்ட்ஸ்மத் பாலிடெக்னிக் மாணவர்களாக 1982-இல் சேர்ந்தது. ஜான் அகம்ஃப்ரா, லீனா கோபால், ஏவ்ரில் ஜான்சன், ரீஸ் ஒகீஸ்த், எட்வர்ட் ஜார்ஜ், ஒலிக்கு ட்ரெவர் மாதிசன். 1985 செப்டம்பரில் பர்மிங்காமின் ஹான்ட்ஸ்வொர்த் பற்றி எரிந்தது. கரீபியரும் பஞ்சாபியரும் நெருக்கி வாழ்ந்த பகுதி அது. செய்திகளில் ஒரே வகைப் படம்: புகை, கண்ணாடிச் சில்லு, கவசத்தோடு போலீஸ். 1986-இல் வந்த ‘ஹான்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ அந்தப் படங்களையே எடுத்துக்கொண்டது. ஜடாமுடி வளர்த்த ஓர் இளைஞன் ஓடுகிறான். கேடயம் ஏந்திய போலீஸார் துரத்தி மடக்கி வீழ்த்துகிறார்கள். செய்தியில் இருபது விநாடியில் கடந்துபோகும் காட்சி. மாதிசனின் ஒலி அதன் அடியில் முனகலும் எதிரொலியுமாக நீள்கிறது. அவனுக்கு முன் அதே நாட்டில் கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் குறுக்கே வருகின்றன. பார்க்கும் நமக்கு ஓட்டம் முப்பது நாற்பது ஆண்டு நீண்டுவிடுகிறது.

கவனியுங்கள்: கையாண்டிருப்பது ரைட்டின் உத்திதான். படம் ஓரிடத்தில், ஒலி வேறிடத்தில். 1934-இல் மலைச்சரிவின் மேல் லண்டன் பேசியது. 1986-இல் பிரிட்டிஷ் செய்திப்படத்தின் மேல் வந்தேறியவர்களின் பிள்ளைகள் பேசினார்கள். அந்தப் படத்துக்குக் கிடைத்த விருதின் பெயர் கிரியர்சன் விருது.

எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. 1987 ஜனவரியில் நாவலாசிரியர் சல்மான் ருஷ்டி கார்டியன் நாளிதழில் கடுமையாக எழுதினார்: ஹான்ட்ஸ்வொர்த் மக்கள் தங்கள் கதையைத் தங்கள் பேச்சில் சொல்வதை இதில் கேட்க முடியவில்லை, கோட்பாட்டின் குரல்தான் கேட்கிறது என்பது அவர் குறை. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் அதே இதழில் பதில் எழுதினார்: பழைய மொழியில் அடங்காததைச் சொல்ல இவர்கள் புது மொழி தேடுகிறார்கள், அந்த முயற்சியை ருஷ்டி பார்க்கத் தவறிவிட்டார் என்று. சினிமாப் படிப்பாளிகள் ஹால் பக்கமே சாய்ந்தார்கள். நானும் முதலில் அப்படித்தான். இப்போது ருஷ்டியின் கேள்வி அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதல்ல என்று படுகிறது. புலம்பெயர்ந்தோரின் மகன் எழுதிய கவித்துவமான பின்னணி உரையும் பின்னணி உரைதான். ஃபவுண்டரியில் இரும்பு உருக்கிய பஞ்சாபிக்காரரின் சொந்தச் சொல் அதுவாகிவிடாது.

அதே 1986-இல் கொச்சியில் முடியும் ஒரு பயணம் மலையாளத்தில் வெளிவந்தது. ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’. கோழிக்கோட்டில் 1984-இல் உருவான ஒடேசா கூட்டம் ஊர் ஊராகப் போய், சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை 16 மி.மீ. புரொஜெக்டரில் போட்டுக் காட்டி, துண்டேந்தி வசூலித்த காசில் எடுத்த படம். சேனல் ஃபோர் இல்லை, வாரியம் இல்லை. வயநாட்டிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய புருஷன் வழியில் தூக்கில் தொங்கிய ஓர் உடலைப் பார்க்கிறான். தபலா வாசிக்கும் ஹரி அது. அவனுடைய தாய் கொச்சியில் இருக்கிறார். அவரிடம் சேதி சொல்லப் புறப்படுகிறான். வழியெல்லாம் நண்பர்கள் சேர்ந்துகொள்ள, ஒருவர் பத்தாகி ஒரு கூட்டமே கொச்சிக்கு இறங்குகிறது. வேணுவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு, பீனா பாலின் தொகுப்பு. கதைக்குள் நிஜப் போராட்டங்களின் பதிவுகள் தடையில்லாமல் நுழைகின்றன. பிளாக் ஆடியோவும் ஒடேசாவும் ஒன்றையொன்று அறிந்திருக்கத் தேவையில்லை. ஒரே ஆண்டில் இரு கடற்கரைகளில் ஒரே வேலையைச் செய்தார்கள்.

ஆனால் ருஷ்டியின் கேள்வியை இங்கே கேட்டால் ‘அம்ம அறியா’னும் தடுமாறும். படம் முழுவதும் மகன் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதம். பையன்கள் நடக்கிறார்கள், பையன்கள் வாதிக்கிறார்கள். வழியில் வரும் அம்மாக்கள் கதவைத் திறந்து சேதி கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு அம்மாவின் கடிதம் என்று ஒன்று திரும்பி வருவதில்லை. ஜான் இதை உணராதவர் என்று சொல்லமாட்டேன். ஒன்பது ஆண்டு முன்னால் தமிழில் அவர் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’யில், வெங்கட் சாமிநாதனின் கதையில், கழுதையைக் காப்பாற்றும் உமா பேச்சு வராத பெண். அவள் உடலில் நடந்ததற்கும் கழுதை பழி சுமக்கிறது. ஊரே வாய் ஓயாமல் பேசும் படத்தில் சொல்ல வேண்டியது எல்லாம் தெரிந்தவளுக்கு நாக்கு இல்லை. தமிழின் சிறந்த படமென்று தேசிய விருது கிடைத்த பிறகும் தூர்தர்ஷன் அறிவித்த ஒளிபரப்பை நிறுத்திவிட்டது.

மட்டாஞ்சேரிக்காரர்களிடம் சினிமா என்றால் இன்று ‘துறமுகம்’ பற்றிப் பேசுவார்கள். கொச்சித் துறைமுகத்தில் அன்றன்றைய வேலைக்கு ஆள் எடுக்கச் சாப்பா என்று ஒரு முறை இருந்தது. உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார்கள், பொறுக்கியவனுக்கு வேலை. ஒருவன் கையை மற்றவன் மிதிப்பான். அதற்கெதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. கே.எம். சிதம்பரன் நாடகமாக எழுதினார். மகன் கோபன் சிதம்பரத்தின் திரைக்கதையில் ராஜீவ் ரவி 2023-இல் படமாகக் கொண்டுவந்தார். வீசிய வில்லைகள் தரையில் சிதறும்போது வரும் சத்தம் இருக்கிறதே, அதுதான் எனக்கு மட்டாஞ்சேரியின் ‘வணிகத்தின் குரல்’.

2012 டிசம்பர் 12 அன்று கொச்சி பினாலே கலைக்கண்காட்சி தொடங்கியது. 1867-இல் மிளகும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்யத் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகம்தான் அதன் முக்கிய அரங்கு. சரக்கு அடுக்கிய கிடங்குகளில் இப்போது கறுப்புத் துணி கட்டி வீடியோ ஓடுகிறது. தொடக்க நாளில் ஃபோர்ட் கொச்சிப் பரேட் மைதானத்தில் பாடியவர் எம்.ஐ.ஏ.; லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, லண்டன் கலைக்கல்லூரியில் சினிமா படித்த மாதங்கி அருள்பிரகாசம்.

அந்த மைதானத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வேளியில், தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வெளுக்கின்றன. வீட்டில் தமிழ், வாடிக்கையாளரிடம் மலையாளம். பயணக் கையேடுகள் எல்லாவற்றிலும் அந்த இடத்தின் படம் உண்டு: வெயிலில் வரிசையாய் வெள்ளைத் துணி, கிள்ளிப் பொருத்தியது போல் முறுக்கிய இரட்டைக் கயிற்றில் செருகியது, க்ளிப் கிடையாது. நான் போன காலையில் ஒரு வெளிநாட்டுக்காரர் கல்தொட்டிக்கு எதிரே மண்டியிட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார். துவைத்துக்கொண்டிருந்த பெரியவர் கல்லில் துணியை ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை விட்டார். படமெடுத்தவர் நகர்ந்ததும் பக்கத்துத் தொட்டிக்காரரிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். மழை வருமா, ஹோட்டல் விரிப்பு உலருமா என்று.